ஆறடிச் சந்து

திண்டிவனத்திலிருந்து வரும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. விக்கிரவாண்டியில் டீக்கு நிறுத்தினார்கள். நான் இறங்கவில்லை. மழைக்குப் பிறகு இந்தப் பக்கத்து வயலெல்லாம் பச்சையாக இருந்தது; அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வேலையில் இருந்த காலத்தில் விழுப்புரத்துக்கு மாதம் இரண்டு தடவையாவது வந்துவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகு இதுதான் முதல் தடவை. ஆகையால் நீங்கள் என்னை இந்த ஆபீஸுக்குக் கூப்பிட்டு அனுப்பியதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை ஐயா.

ஒரு சர்வே கல் காணாமல் போனது பற்றி விசாரிக்க வேண்டும் என்று உங்கள் கடிதத்தில் இருந்தது. சொல்கிறேன். கல்லை மட்டும் சொன்னால் விளங்காது. சந்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் கோதண்டபாணி. முப்பத்துமூன்று வருஷம் சர்வேயராக இருந்து எண்பத்திரண்டில் ஓய்வு பெற்றேன். மனைவி அதற்கு முன்பே காலமாகிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. நான் இருப்பது திண்டிவனத்தில் பழைய மந்தைத் தெரு. வடசிறகில் ஏழு வீடு, தென்சிறகில் ஏழு வீடு. வடசிறகில் என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு ஸ்ரீசந்திரன் வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. அகலம் ஆறடி, நீளம் இருநூற்றுப் பத்தடி. அதன் மறுமுனையில் ஏரி வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனி. அறுபது குடும்பம் இருக்கும். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவர்கள், அறுவடைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரியில் பெருக்குகிறவர்கள். அவர்கள் ஊருக்குள் வர, பஸ் பிடிக்க, ஆஸ்பத்திரிக்குப் போக, எல்லாவற்றுக்கும் அந்தச் சந்துதான். அது இல்லையென்றால் ஏரிக்கரையைச் சுற்றி ஒன்றேகால் மைல்.

ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த பிறகுதான் அந்தச் சந்தில் எவ்வளவு பேர் நடக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. என் படுக்கையறை ஜன்னல் சந்தைப் பார்த்தது. காலை ஐந்தரைக்கே ஆரம்பித்துவிடுவார்கள். பேசிக்கொண்டு போவார்கள், சைக்கிள் மணி அடிப்பார்கள். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. போகிறவர்கள் ஒவ்வொருவரும் ஜன்னல் வழியாக உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். நான் எதில் படுக்கிறேன், என்ன சாப்பிடுகிறேன், எந்த வேஷ்டியைக் கொடியில் போட்டிருக்கிறேன் என்று காலனிக்கே தெரியும். இதை ஒருநாள் ஸ்ரீசந்திரன் மனைவி குசுமாவிடம் சொன்னேன். அவர்கள் ஜைனர்கள், பல தலைமுறையாக இந்தப் பக்கத்துக்காரர்கள், மல்லாட்டை வியாபாரம்.

குசுமா சொன்னாள்: "நடக்கிற மனுஷனுக்குக் கண்ணு இருக்கத்தானே செய்யும் சார். ஜன்னலுக்கு ஒரு துணி கட்டுங்களேன்."

துணி கட்டினால் காற்று வராது என்றேன்.

எண்பத்துமூன்றில் தெருவாசிகள் சங்கம் ஒன்று அமைத்தோம். தலைவர் ஸ்ரீசந்திரன். செயலாளர் நான். அவர் மண்டியே கதியென்று இருப்பவர். எழுத்து வேலை, கூட்ட வேலை எல்லாம் என்னிடம்தான். சாக்கடைக்கு மூடி போட்டேன். தெருவுக்குள் லாரி நுழையாமல் முகப்பில் இரண்டு கல்தூண் நட்டேன். வீட்டு எண்களை ஒரே மாதிரி பெயிண்டில் எழுத வைத்தேன். எல்லோருக்கும் திருப்தி. கடைசியாகச் சந்தை எடுத்துக்கொண்டேன். மாடு ஓட்டிப் போகக்கூடாது என்று பலகை வைத்தேன், கேட்டுக்கொண்டார்கள். பிணம் எடுத்துப் போகக்கூடாது என்று எழுதினேன். முணுமுணுத்தார்கள், ஆனால் கேட்டுக்கொண்டார்கள். சொன்னால் கேட்கிற ஜனங்கள் ஐயா. அவர்கள்மேல் எனக்கு எந்தக் காலத்திலும் கோபமோ வெறுப்போ இருந்ததில்லை.

எண்பத்துநான்கு ஆடி மாதம் சந்து முகப்பில் இரும்புக் கேட் போட்டேன். காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை நான்கிலிருந்து ஏழு. மற்ற நேரம் பூட்டு. சாவி என் இடுப்பில். பதினான்கு வீடும் கையெழுத்துப் போட்டது. குசுமா, கணவர் கையெழுத்துப் போட்ட பிறகும், அந்த வரிக்குக் கீழே 'எனக்குச் சம்மதமில்லை' என்று தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதற்கு விதியில் இடமில்லை. இருந்தாலும் அந்த வரியை நான் அடிக்கவில்லை. ரிஜிஸ்டரில் இன்றும் இருக்கிறது.

கேட் போட்ட மூன்றாவது வாரம் ஒரு பகல் பதினொன்றரை மணிக்கு நான் குளித்துக்கொண்டிருந்தேன். யாரோ கேட்டை உலுக்கும் சத்தம் கேட்டது. குளித்து முடித்து, துவட்டி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு சாவியோடு போனேன். காலனியைச் சேர்ந்த பூமாலை என்ற பெண்ணைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் நின்றார்கள். பிரசவ வலி. நான் கேட்டைத் திறந்தேன். ஓட்டமாக ஓடினார்கள். பூமாலை பிழைத்துக்கொண்டாள். குழந்தை இல்லை. அவர்கள் கேட்டுக்கு வெளியே பதினொரு நிமிஷம் நின்றிருந்தார்கள் என்று கணக்கிட்டு அன்றே ரிஜிஸ்டரில் எழுதினேன். 'அவசரத்துக்குச் சாவி எந்நேரமும் கேட்டுப் பெறலாம்' என்று மறுநாள் பலகையில் ஒரு வரி சேர்த்தேன். பதினொரு நிமிஷத்தால்தான் குழந்தை போயிற்று என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அதற்கு நான்கு நாள் கழித்துச் சவுரிராயன் வந்தான்.

சவுரிராயனைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலனிக்காரன். மாதா கோயில் மணியடித்தால் வேலையை நிறுத்திச் சிலுவை போட்டுக்கொள்வான். ஐம்பத்தாறிலிருந்து பதினொரு வருஷம் என்னிடம் செயின்மேனாக இருந்தவன். நாங்கள் நிலம் அளக்கும்போது சங்கிலியின் ஒரு முனையை நான் பிடித்தால் மறுமுனையை அவன் பிடிப்பான். செஞ்சியில் மலையடிவாரத்தையும் ஒலக்கூர்ப் பக்கம் ஏரி ஏரியாகவும் அவனோடுதான் அளந்தேன். வெயிலில் நிற்பான், முள்ளில் நிற்பான், நான் கை காட்டினால் தவிர நகரமாட்டான். தினக்கூலிதான். அவனை நிரந்தரமாக்கலாம் என்று ஒருமுறை மேலிடத்திலிருந்து என் அபிப்பிராயம் கேட்டார்கள். நிரந்தரமானால் ஆபீஸில் உட்காரப் போய்விடுவான், அவனைப் போல ஓர் ஆள் எனக்குக் கிடைக்கமாட்டான் என்பதால் 'தகுதி போதாது' என்று எழுதினேன். அவனுக்கு அது தெரியாது. பிறகு மண்டியில் எடை போடுகிற வேலைக்குப் போய்விட்டான். தெருவில் பார்த்தால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பான்.

அன்றைக்கும் அப்படித்தான் வாசலில் நின்றான்.

"ஐயா, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேங்க."

"சொல்லு சவுரி."

"அந்தச் சந்து பொதுப்பாதைங்க. ஒங்களுக்குத் தெரியாததா? சந்து மூலையில கல்லு இருக்குதே, அத நாந்தானே தலமேல வெச்சிக்கினு வந்து நட்டேன். நீங்கதான் குழிக்கு ஆழம் பாத்தீங்க."

"ஞாபகம் இருக்கு."

"அப்பறம் இன்னாத்துக்குங்க கேட்டு? பூமாலைக்கு நடந்தது இன்னொருத்திக்கு நடக்கக் கூடாதுங்க. மேல மனு குடுக்கப் போறேன். ஒங்களுக்குத் தெரியாம முதுகுக்குப் பின்னால செஞ்சா மனசு கேக்காது. அதான் சொல்லிக்கினு போலாம்னு."

"குடு. அது உன் உரிமை," என்றேன்.

அவன் சட்டைப்பையிலிருந்து மனுவை எடுத்துக் காட்டினான். யாரோ படித்த பிள்ளை எழுதிக் கொடுத்தது. சர்வே நம்பர் தப்பாக இருந்தது. உட்பிரிவு இரண்டு என்பதற்குப் பதில் மூன்று என்று போட்டிருந்தார்கள். அது ஸ்ரீசந்திரனின் வைக்கோல் போர் இருக்கும் இடம். நானே பேனாவை எடுத்துத் திருத்திக் கொடுத்தேன். தப்பான நம்பரோடு ஒரு காகிதம் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சவுரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அவன் சொன்னது சரி. அந்தச் சந்து பாதைப் புறம்போக்குதான். ஐம்பத்தெட்டில் நானே அளந்து நானே படம் போட்டது. இதை நான் யாரிடமும் மறுத்ததில்லை. யாரும் என்னிடம் நேராகக் கேட்கவும் இல்லை.

மனு மேலே போய்க் கீழே வர ஒரு வருஷத்துக்குமேல் ஆயிற்று. இடையில் நேரம் இருந்தது. எண்பத்தைந்து ஆனி மாதம் சந்து மூலையில் சாக்கடை அடைத்துக்கொண்டது. அதைச் சரி பண்ணுகிறேன் என்று இரண்டு காலைப் பொழுது நானே கடப்பாரை போட்டு அந்தக் கல்லைத் தோண்டி எடுத்தேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். "சார் இந்த வயசுல இன்னாத்துக்கு சார் கஷ்டப்படுறீங்க?" என்று ஒருவர் கடப்பாரையை வாங்கிச் செய்யக்கூட வந்தார். கல்லைப் புரட்டிக்கொண்டு போய் என் வீட்டுப் பின்பக்கக் குழாயடியில் குறி உள்ள பக்கம் மண்ணில் படும்படி கவிழ்த்துப் போட்டேன். துணி துவைக்க வசதியாக இருந்தது.

ஐப்பசி மாதம் உத்தரவோடு ஓர் இளம் சர்வேயர் வந்தார். நல்ல பையன். என் பெயரைக் கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார். மூலையில் கல் இல்லை. அவர் கொண்டுவந்த படத்தின் நகல் மடித்து மடித்து அந்த இடத்திலேயே கிழிந்திருந்தது. கூட்டம் கூடிவிட்டது. அவர் கூட்டத்தைப் பார்த்து, கல் எங்கே இருந்தது என்று நேரில் அறிந்தவர்கள் உண்டா என்று கேட்டார்.

சவுரி முன்னால் வந்தான். "நாந்தாங்க நட்டேன். கண்ண மூடிக்கினு காட்டுவேன். கல்லுக்கு அடியில நாலு கரித்துண்டு போட்டு மூடினோம். நோண்டிப் பாத்தா இப்பவும் இருக்கும்."

கரியை நான் மறந்துவிட்டிருந்தேன். கல் நடும்போது அடியில் அடையாளத்துக்குக் கரி போடுவது பழைய வழக்கம். கடப்பாரை போட்டபோது நான் அந்த ஆழம்வரை போகவில்லை.

மழை தூற ஆரம்பித்ததால் அந்த இளைஞர், அடுத்த வியாழக்கிழமை வந்து சவுரியின் வாக்குமூலத்தை அந்த இடத்திலேயே எழுதிக்கொண்டு குழியும் தோண்டிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். நான் அவருக்கு என் வீட்டில் டீ கொடுத்து அனுப்பினேன்.

கரியை எடுத்துவிட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். சந்து முழுக்கத் தண்ணீர். அதோடு, அன்றிலிருந்து காலனிப் பிள்ளைகள் இரண்டு பேர் அந்த மூலையில் மாற்றி மாற்றிக் குடையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் சமாதானமாக முடிக்கத்தான் பார்த்தேன். என் வீட்டுக்குப் பின்னால் எனக்கு எண்பது சென்ட் கொல்லை உண்டு. அதன் கிழக்கோரமாக நடந்தால் காலனியிலிருந்து பெரிய ரோட்டுக்குப் போய்விடலாம். அந்த ஓரத்தில் நான்கடி அகலத்துக்கு ஒரு பாதையைச் சொந்த நிலத்திலிருந்து தானமாக எழுதிக் கொடுக்க நான் தயார் என்று சவுரிக்குச் சொல்லி அனுப்பினேன். இப்படி யார் கொடுப்பார்கள் ஐயா? ஸ்ரீசந்திரனே, "ஒங்களுக்குப் பெரிய மனசு சார்," என்றார்.

ஆனால் கிழக்கோரத்தில் கிணறு இருந்தது. மாடு பூட்டி இறைத்த பழைய கவலைக் கிணறு. முப்பதடி அகலம், நாற்பதடி ஆழம், சுற்றுச்சுவர் கிடையாது. மேலே ஆறேழடிக்குச் செம்மண், அதற்குக் கீழே பாறை.

திங்கட்கிழமை சவுரி வந்தான். "ஐயா, நீங்க குடுக்கிறது பெரிசுதாங்க. ஆனா கெணத்தோரமாப் புள்ளைங்க இஸ்கூலுக்குப் போவுறது பேஜாருங்க. மழைக்கி மண்ணு வேற கரையுது."

"வேலி போட்டுடலாம்."

"இடம் பத்தாதுங்களே."

"பத்துமா பத்தாதான்னு அளந்து பாத்துடலாம். நாளைக்கு மூணரைக்கு வா. நீயும் நானும்தான் அளக்கணும். வேற எவனுக்கும் டேப் பிடிக்கத் தெரியாது."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. அதை நான் பார்த்தேன். "எத்தினி வருஷமாச்சுங்க," என்றான். "வர்றேங்க. மண்டியில சொல்லிட்டு ஜல்தியா வந்துடுறேன்."

வியாழக்கிழமை அவன் என்ன சொல்லப் போகிறான் என்று அப்போது கேட்டேன். பாதை திருப்தியாக இருந்தால் வாக்குமூலத்தை விட்டுவிடலாம் அல்லவா என்றும் கேட்டேன். அவன் சொன்னான்:

"கேட்டாங்கன்னா இருக்கிறததாங்க சொல்லணும். நீங்க எனக்கு அப்பிடித்தான பழக்கி வுட்டீங்க."

நல்ல பதில். அவனைப் பற்றி எனக்கு இருந்த மதிப்பு அன்றைக்குக் கூடிற்று.

செவ்வாய்க்கிழமை மூன்று இருபதுக்கே வந்துவிட்டான். ஒன்பது நாள் பெய்த மழை அன்றைக்கு மத்தியானத்தோடு விட்டிருந்தது. வெயில்கூடக் கொஞ்சம் அடித்தது. வேஷ்டியை மடித்துக் கட்டியிருந்தான். செருப்பை வரப்பில் கழற்றி வைத்தான். நான் பழைய இரும்பு டேப்பை எடுத்துவந்திருந்தேன். வேலிப் பக்கத்து முளையிலிருந்து நான் உருளையைப் பிடித்தேன். வளையம் உள்ள முனையை அவன் வாங்கிக்கொண்டான்.

டேப்பின் முனையைப் பிடிக்கிறவன் அளக்கிறவனுடைய முகத்தைத்தான் பார்க்க வேண்டும். காலடியைப் பார்த்தால் கை தாழ்ந்துவிடும், அளவு கெட்டுவிடும். சவுரி பதினெட்டு வருஷம் கழித்தும் அதை மறக்கவில்லை. கையை மார்புக்கு நேராக வைத்துக்கொண்டு, என்னையே பார்த்தபடி, பின்னோக்கி அடி வைத்துப் போனான். நான் கை காட்டினேன், நின்றான்.

"வெறப்பா இருக்குங்களா?" என்றான்.

"இல்ல. தொய்வா இருக்கு. இன்னும் மூணடி போ."

"மூணுங்களா?"

"மூணு."

அவன் ஓர் அடி எடுத்து வைத்தான். இரண்டாவது அடியில் மண் போயிற்று. பெரிய சத்தம் ஒன்றுமில்லை. வண்டியிலிருந்து ஈர மூட்டையை இறக்கிவைத்தது மாதிரி இருந்தது. டேப் என் கையிலிருந்து கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிட்டது. வளையத்தை விட்டுவிட்டான் போலிருக்கிறது.

தண்ணீர் மேலிருந்து பன்னிரண்டடியில் இருந்தது. அவனுக்கு நீச்சல் தெரியும். ஆனால் கரை மண் அவன்மேலேயே விழுந்துகொண்டிருந்தது. இரண்டு தடவை கூப்பிட்டான். இரண்டு தடவையும் 'ஐயா' என்றுதான் கூப்பிட்டான்.

இரும்பு டேப் ஈரத்தோடு சுற்றினால் துருப் பிடித்துவிடும். துண்டால் துடைத்துத் துடைத்து முழுவதையும் சுற்றி முடித்தேன். பிறகு வரப்பு வழியாக நடந்து ஸ்ரீசந்திரன் வீட்டுக்குப் போனேன். வழுக்கல் தரை, இந்த வயதில் ஓட முடியாது. அவர் மண்டியில் இருந்தார். குசுமா பின்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சவுரி கிணற்றில் விழுந்துவிட்டான், கயிறு வேண்டும் என்றேன்.

அவள் முறத்தைப் போட்டுவிட்டுத் தன் வீட்டுக் கிணற்றுக் கயிற்றை ராட்டினத்திலிருந்து உருவிக்கொண்டு, வெறுங்காலோடு ஓடினாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவள் ஓடி நான் பார்த்ததில்லை. போகும்போதே காலனிப் பக்கம் திரும்பிக் கூவினாள். நான் போய்ச் சேர்ந்தபோது கரையில் மண்டியிட்டுக் கயிற்றை உள்ளே விட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். "புடிங்க அண்ணா, புடிங்க அண்ணா," என்று கிணற்றைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேயிருந்தாள். அவனை அவள் அண்ணா என்று கூப்பிடுவாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிடிக்க ஆள் இல்லை.

காலனி ஆட்கள் வந்து இறங்கி எடுத்தார்கள். குசுமா எழுந்து என்னிடம் வந்தாள். சேலையெல்லாம் சேறு.

"எப்ப வுழுந்தாரு சார்?"

"இப்பத்தான்."

அவள் என் கையில் இருந்த டேப்பைப் பார்த்தாள். சுற்றி, துடைத்து, சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை அவள் என்னிடம் பேசவில்லை.

மழையில் கரை சரிந்து விழுந்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மைதான். விசாரணைக்கு வந்தவர்களும் அப்படித்தான் எழுதினார்கள். அளக்கும்போது தவறி விழுந்தான் என்று நான் சொன்னேன்; அதுவும் உண்மை. யாரும் அதற்குமேல் கேட்கவில்லை.

சவுரியை வியாழக்கிழமை அடக்கத்துக்கு எடுத்தார்கள். ஏரிக்கரைப் பாதை முழங்கால் தண்ணீரில் இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போக முடியாது. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காமலேயே நான் போய்ப் பகல் இரண்டு மணிக்குக் கேட்டைத் திறந்துவிட்டேன். பிணம் எடுத்துப் போகக்கூடாது என்ற பலகையையும் அன்றைக்கு மட்டும் திருப்பி வைத்தேன். நான் ஈவிரக்கம் இல்லாதவன் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த இளம் சர்வேயரும் அப்போதுதான் வந்தார். தெரு முனையில் சைக்கிளை நிறுத்தி, பெட்டி போகும்வரை நின்றார். யார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு திரும்பிவிட்டார். குழி தோண்டவில்லை. பிறகு அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது.

சவுரியின் மனைவி மதலேனம்மாள் கடைசியாகச் சந்திலிருந்து வெளியே வந்தாள். கேட்டருகே நின்று என்னைப் பார்த்தாள்.

"நீங்க கூப்புட்டீங்கன்னு புதுத் துண்டு எடுத்துப் போட்டுக்கினு வந்தாருங்க," என்றாள். "பின்னால பள்ளம் இருக்குதுன்னு அவருக்குத் தெரியாதுங்களா ஐயா? எப்பிடிங்க போனாரு?"

மண் சரிந்துவிட்டது என்றேன்.

"கேட்டத் தொறந்து வுட்டீங்க. நல்லா இருங்க," என்றாள்.

நல்லா இருங்க என்று அவள் வாயால் சொன்னாள் ஐயா. அப்போது அவள் ஒரு கையால் கேட்டுக் கம்பியைப் பிடித்திருந்தாள். எல்லோரும் போய்விட்ட பிறகும் விடவில்லை. பூட்ட வேண்டும் என்று நான் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் விட்டாள்.

அதன்பின் தெரு அமைதியாக இருக்கிறது. தை மாதம் கிணற்றைச் சுற்றிலும் இடுப்பளவு சுவர் எழுப்பிவிட்டேன். காலனிக்காரர்கள் ஏரிக்கரை வழியாகவே போய் வருகிறார்கள். கேட்டைத் திறந்து வைக்கும் நேரத்தில்கூட யாரும் அதற்குள் வருவதில்லை. நான் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறேன்.

கல் விஷயத்தை உங்களுக்கு எழுதிப் போட்டது குசுமாதான் என்று தெரியும். போன மாதம் கறிவேப்பிலை பறிக்கிற சாக்கில் என் பின்கட்டுக்கு வந்தாள். நான் உள்ளே இருந்தேன். குழாயடிக் கல்லை அவள் ஒரு கம்பால் நெம்பிப் புரட்டிப் பார்த்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தடுக்கவில்லை. கல்லை எடுத்தவன் நான்தான். அரசாங்கக் குறியை அப்புறப்படுத்தியது குற்றம், அதிலும் என்னைப் போன்றவன் செய்யக்கூடாது. அதற்கு எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

நீங்கள் கல்லைப் பற்றிக் கேட்டு முடித்துவிட்டு, போகிற போக்கில் இப்போது ஒரு கேள்வி கேட்டீர்கள். சவுரி நின்ற இடத்திலிருந்து கிணற்று விளிம்புக்கு எத்தனை அடி என்று. இத்தனை நாளில் இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். விசாரணைக்கு வந்தவர்கள் கேட்கவில்லை. மதலேனம்மாளுக்குக் கேட்கத் தெரியவில்லை. குசுமா கேட்க நினைத்திருப்பாள்.

ஒன்றேமுக்கால் அடி. அன்று காலை ஏழு மணிக்கு அளந்தேன். விளிம்புக்கு அடியில் மண் அரித்துப் பொள்ளலாக இருந்தது, கம்பை விட்டுப் பார்த்தேன், கை முழங்கைவரை போயிற்று. அவன் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு சுள்ளியை அடையாளமாக நட்டுவிட்டு வந்து காப்பி சாப்பிட்டேன். மூன்றரை மணிக்கு அவன் அந்தச் சுள்ளியருகே வந்ததும் கை காட்டி நிறுத்தினேன். ஒன்றேமுக்கால் அடி இருக்கிற இடத்தில் மூன்றடி போகச் சொன்னேன். விழுவான் என்று தெரிந்துதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் அவனைத் தொடவில்லை. அவனுக்குக் கண் இருந்தது, ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம். நான் மூன்று என்று சொன்ன பிறகு அவன் திரும்பிப் பார்க்கவில்லை. என் வார்த்தைமேல் ஒரு மனிதனுக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது.